‘அண்டர்ரேட்டட்’ என்றால் யார் குறைத்து மதிப்பிட்டது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அக்கா மகனோடு கடலூர் சில்வர் பீச்சில் உட்கார்ந்திருந்தேன். புதுச்சேரியில் கல்லூரி படிக்கிறான், வார இறுதியில் ஊருக்கு வருவான். கடலைப் பார்த்துக்கொண்டே, “நம்ம ஊரு செம அண்டர்ரேட்டட் மாமா” என்றான். கொஞ்ச நேரத்தில் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போனது. அங்கே ஒரு பந்துவீச்சாளர் அண்டர்ரேட்டட். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பரோட்டா கடை அண்டர்ரேட்டட். இரவு அக்கா வைத்த மீன் குழம்பும் அண்டர்ரேட்டட்.

“யாருடா இதையெல்லாம் குறைச்சு மதிப்பிட்டது?” என்று கேட்டேன். யோசித்தான். “யாரும் இல்ல மாமா, சும்மா சொல்றதுதான்” என்றான்.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாம் எல்லோருமே இப்போது இப்படித்தான் பேசுகிறோம். பிடித்தது, பலருக்குத் தெரியாதது, விலை மலிவானது, பரிசு வாங்காதது, அமைதியாக இருப்பது என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல். ஆனால் உரிய மதிப்புக் கிடைக்காத பொருள்களும் மனிதர்களும் நம்மைச் சுற்றி உண்மையிலேயே நிறைய உண்டு. அவர்களுக்காகப் பேச உதவும் ஒரு சொல்லைக் கண்டதற்கெல்லாம் செலவழித்துவிட்டால், தேவைப்படுகிற இடத்தில் அது வேலை செய்யாது. அதனால் இந்தச் சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது என்று அடியிலிருந்து பார்த்துவிடலாம்.

பண்ருட்டியில் ஒரு பலாப்பழம்

பண்ருட்டிப் பக்கம் பலா வியாபாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முழுப் பழம் வாங்க வருகிறவர் அதை வெட்டிப் பார்த்து வாங்க முடியாது. விரலால் தட்டி ஓசை கேட்பார். முள் அகன்று பரவியிருக்கிறதா என்று பார்ப்பார். மோந்து பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார். அப்புறம் ஒரு விலை சொல்வார். உள்ளே எத்தனை சுளை, எவ்வளவு இனிப்பு என்பது வெட்டின பிறகுதான் தெரியும்.

இங்கே இரண்டு விஷயம் இருக்கிறது. பழத்துக்குள் உண்மையாக இருக்கும் சுளையை ‘மதிப்பு’ என்று வைத்துக்கொள்வோம். வெளியே நின்று ஒருவர் சொன்ன விலையை ‘மதிப்பீடு’ என்போம். இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மதிப்பீடு மதிப்பைவிடக் கீழே விழுந்தால் அது அண்டர்ரேட்டட். மேலே போய்விட்டால் ஓவர்ரேட்டட்: தட்டினால் நல்ல ஓசை, வெட்டினால் பாதிக்கு மேல் சடை.

இதில் பலர் தவறவிடும் ஓர் இடம் உண்டு. இனிப்பு பழத்தில் இருக்கிறது. அண்டர்ரேட்டட் என்பது பழத்தில் இல்லை. பழத்துக்கும் தட்டிப் பார்த்தவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர். ஆகவே ஒன்றை அண்டர்ரேட்டட் என்று சொன்னால் அது மிகச் சிறந்தது என்று ஆகிவிடாது. சுமாரான ஒரு பழத்தை அழுகல் என்று ஒதுக்கினால், அந்தச் சுமாரான பழமும் குறைத்து மதிப்பிடப்பட்டதுதான். அதேபோல் அபாரமான பழத்தை ‘பரவாயில்லை’ என்று சொல்லி நல்ல விலைக்கே வாங்கிப் போனாலும் அதுவும் குறைத்து மதிப்பிடப்பட்டதுதான். எவ்வளவு நல்லது என்று இந்தச் சொல் சொல்வதில்லை. எவ்வளவு தவறாகக் கணித்தோம் என்றுதான் சொல்கிறது.

பீரங்கியை எண்ணி கப்பலுக்குத் தரம்

‘ரேட்’ நமக்குப் புதிய சொல் இல்லை. “கிலோ என்ன ரேட்?” என்று தினமும் கேட்கிறோம். ஆங்கிலத்தில் அது விலைக்கு மட்டுமன்றி தரம் பிரிப்பதற்கும் வழங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கடற்படை தன் போர்க்கப்பல்களை ஆறு தரமாகப் பிரித்து வைத்திருந்தது. ஒரு கப்பல் எத்தனை பீரங்கி சுமக்கிறது என்பதே முக்கியக் கணக்கு. 100 பீரங்கியோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம். ‘ஃபர்ஸ்ட் ரேட்’, ‘செகண்ட் ரேட்’ என்று இன்று எதற்கெல்லாமோ சொல்வது அந்தக் கப்பல் கணக்கிலிருந்து வந்த வழக்கு.

இப்படிப் பீரங்கி எண்ணித் தரம் பார்க்கப்பட்ட கப்பல்கள் நம் கடலூருக்கு எதிரிலேயே மோதிக்கொண்டன. 1783 ஜூன் 20. ஊருக்குள் பிரெஞ்சுப் படை, நிலத்தில் அதைச் சுற்றி ஆங்கிலேயரின் முற்றுகை. கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 18 போர்க்கப்பல்கள். எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனிடம் 15. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் யார் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஹியூஸின் மாலுமிகளில் ஏராளமானவர்களை ஸ்கர்வி நோய் படுக்கவைத்திருந்தது. காய்கனி இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்களுக்கு வரும் நோய் அது. குடிநீரும் குறைந்துகொண்டிருந்தது. பீரங்கி இருந்தது, அதை இயக்கத் தெம்புள்ள கை இல்லை. சண்டைக்குப் பிறகு ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிப் போனார்.

இதில் மனதைப் பிசையும் இன்னொரு செய்தி உண்டு. ஐரோப்பாவில் அந்த இரு நாடுகளும் சமாதானத்துக்கான முதற்கட்ட உடன்பாட்டில் அந்த ஆண்டு ஜனவரியிலேயே கையெழுத்திட்டுவிட்டன. அந்தச் செய்தி கடலூருக்கு வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. நடுவில் போன உயிர்கள் போனவைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மதிப்பிடுவதற்காக நாம் எதை எண்ணுகிறோமோ அதை ‘அளவுகோல்’ என்று சொல்லலாம். பலா வியாபாரிக்கு ஓசையும் முள்ளும் அளவுகோல். கடற்படைக்குப் பீரங்கி அளவுகோல். குறைத்து மதிப்பிடுதல் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. எண்ணுவதற்கு எளிதாக இருப்பதை எண்ணுகிறோம், எண்ணக் கடினமானது கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. பீரங்கியை எண்ணலாம், மாலுமியின் உடல்நிலையை அப்படி எண்ண முடியாது. மாணவனின் மதிப்பெண்ணை எண்ணலாம், தங்கைக்குப் பொறுமையாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அவனுடைய குணத்தை எண்ண முடியாது. எந்த அளவுகோலை எடுத்தாலும் அதற்கு வெளியே ஏதாவது ஒன்று நிற்கும். அங்கே நிற்பவைதான் பெரும்பாலும் குறைத்து மதிப்பிடப்படுகின்றன.

இதுவரை பார்த்தது: மதிப்பு என்பது உள்ளே இருப்பது. மதிப்பீடு வெளியிலிருந்து ஒருவர் சொல்வது. அதைச் சொல்ல அவர் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. மதிப்பீடு மதிப்பை எட்டாமல் போனால் அந்த இடைவெளியின் பெயர் அண்டர்ரேட்டட்.

இலைக்குள் மறைந்த பழம்

இனி, இந்தச் சொல் அதிகமாகத் தவறாக இறங்கும் இடம். இலைகளுக்கு நடுவே ஒரு பலா மறைந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, யாரும் தட்டவில்லை, யாரும் விலை சொல்லவில்லை. அந்தப் பழத்தை யாராவது குறைத்து மதிப்பிட்டார்களா? இல்லை. குறைந்த விலை சொல்வது வேறு, விலையே சொல்லாமல் இருப்பது வேறு. இரண்டாவதற்கு நம்மிடம் பழைய பேச்சு ஒன்று இருக்கிறது: குடத்திலிட்ட விளக்கு.

இதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் பிள்ளை. 1736 முதல் தன் மரணத்துக்குச் சற்று முன்புவரை, 1761 ஜனவரி வரை, எழுதிக்கொண்டே இருந்தார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரைப் பார்க்க வந்தார்கள், ஊரில் என்ன பேச்சு என்று கால் நூற்றாண்டுப் புதுச்சேரி முழுக்க அதில் கிடக்கிறது. அவர் போன பிறகு அந்த ஏடுகள் வீட்டோடு முடங்கின. 1846 இல்தான் ஆர்மான் கலுவா மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டன. பிறகு மதராஸ் அரசு 1904 தொடங்கி 1928 வரை 12 தொகுதிகளாக அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது.

நடுவில் போன 85 ஆண்டுகளில் அந்த நாட்குறிப்பை யாரும் மட்டமாக எண்ணவில்லை. வெளியே யாருக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது, அவ்வளவுதான். விளக்கில் குறை இல்லை, பார்க்கிறவர் கண்ணிலும் குறை இல்லை. குடம் நடுவில் இருந்தது. குடத்தை எடுத்ததும் வெளிச்சம் வந்துவிட்டது. உண்மையாகவே குறைத்து மதிப்பிடப்பட்ட பொருளுக்கு இவ்வளவு சுலபமாக விடிவு வராது. அதை ஏற்கெனவே எல்லோரும் பார்த்திருப்பார்கள், பார்த்தும் ஒதுக்கியிருப்பார்கள்.

கைப்பேசியில் கடைகளுக்கு நட்சத்திரம் போடுகிறோமே, அங்கேயும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். ஒரு மெஸ்ஸுக்கு 20 பேர் சேர்ந்து ஐந்துக்கு 4.8 போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே ‘அண்டர்ரேட்டட் மெஸ்’ என்கிறோம். ஆனால் சாப்பிட்டவர்கள் அதற்குக் கிட்டத்தட்ட முழு மதிப்பையே கொடுத்துவிட்டார்கள். குறைவாக இருப்பது மதிப்பீடு இல்லை, போய்ச் சாப்பிட்ட ஆட்கள். நட்சத்திரம் ஒரு செய்தி, எத்தனை பேர் போட்டார்கள் என்பது வேறு செய்தி. இரண்டையும் சேர்த்துக் குழப்பினால்தான் இந்தச் சொல் தடம் புரள்கிறது.

அரிக்கமேட்டின் நிலை இன்னும் விசித்திரம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த மேட்டை 1945 இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். ரோமானிய உலகத்தோடு நடந்த வணிகத்தின் தடயங்களாக மட்பாண்டங்களும் மணிகளும் கிடைத்தன. வரலாற்று நூல்களில் அதற்கு உயர்ந்த இடம் கொடுத்தாகிவிட்டது. பரீட்சைக்கும் படிக்கிறோம். ஆனால் வார இறுதியில் புதுச்சேரிக்கு வருகிற பெருங்கூட்டம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பெயர் தெரியும், மதிப்பும் உண்டு, ஆள்தான் போவதில்லை. ‘அதிகம் பேர் போகாத இடம்’ என்று சொல்லிவிட்டால் போதும்.

‘யாரால்?’ என்று கேட்க வேண்டும்

மதிப்பிடப்பட்டது என்றால் மதிப்பிட்டவர் ஒருவர் இருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லின் அமைப்பு அந்த ஆளை மறைத்துவிடுகிறது. ‘அண்டர்ரேட்டட்’ என்று சொல்லி முடித்துவிடலாம், யார் என்று சொல்ல வேண்டிய அவசியமே வராது. தமிழில் நாம் இயல்பாகச் சொல்வது வேறு மாதிரி: “அதோட அருமை இவங்களுக்குத் தெரியல.” இதில் ‘இவங்களுக்கு’ என்ற சொல் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் யார் என்று சொன்னால்தான் அந்தக் கூற்று சரியா தப்பா என்று சோதிக்க முடியும்.

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955 இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே சைவ ஆகமச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் சேர்த்துக் காக்கப்படுகின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. இவை அண்டர்ரேட்டடா? சமஸ்கிருத, சைவ ஆய்வாளர்களிடம் கேட்டால் ‘உலகத்திலேயே முதல் வரிசை’ என்பார்கள். இரண்டு தெரு தள்ளிக் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் ‘அப்படியா?’ என்பார். ஒரு கூட்டம் உச்சத்தில் வைத்திருக்கிறது, இன்னொரு கூட்டத்துக்குக் குடத்திலிட்ட விளக்கு. ஒரே பொருளுக்கு இரண்டு நிலை. ‘யாரால்?’ என்ற கேள்வி இல்லாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

மத்தி மீனும் வஞ்சிரமும்

அப்படியானால் சரியாக அண்டர்ரேட்டட் என்று எதைச் சொல்லலாம்? என் மனதுக்கு முதலில் வருவது மத்தி.

கடலூர் துறைமுகத்தில் மத்தியைத் தெரியாதவர் இல்லை. ஆகவே அது இலைக்குள் மறைந்த பழம் இல்லை. எல்லோரும் பார்த்தாகிவிட்டது, விலையும் சொல்லியாகிவிட்டது. விருந்தாளி வந்தால் வஞ்சிரம், சம்பந்தி வந்தால் வஞ்சிரம். மத்தி நமக்குள்ளே சாப்பிடுவது. சிலர் மத்தி வாங்கினதை வெளியே சொல்லவே கூச்சப்படுவார்கள். ஆனால் உடம்புக்கு நல்லது என்று மாத்திரையாக வாங்கி விழுங்கும் ஒமேகா 3 கொழுப்பு மத்தியில் தாராளமாக இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் முள்ளோடு சாப்பிடலாம், சுண்ணாம்புச் சத்தும் சேரும்.

மத்தி இங்கே கீழே போனது எதனால்? அளவுகோலால். விருந்துக்கு வைக்கும் மீனில் நாம் எதிர்பார்ப்பது பெரிய துண்டு, குறைந்த முள், கொடுத்த காசு தட்டில் தெரிவது. அந்தக் கோலால் அளந்தால் வஞ்சிரம் ஜெயிக்கும், அதில் தப்பே இல்லை. சத்து என்ற கோலை எடுத்தால் கணக்கு மாறிவிடும். தப்பு நடக்கும் இடம் இதுதான்: விருந்துக் கோலால் அளந்துவிட்டு, ‘மொத்தத்தில் மட்டமான மீன்’ என்று முடிவு கட்டுவது. ஒரு கோலில் வாங்கின மதிப்பெண்ணை எல்லாக் கோலுக்கும் நீட்டிவிடுகிறோம்.

மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். மாடு நல்ல மாடுதான். தினமும் பார்த்துப் பழகின கண் அதன் குறையை எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறது, சந்தையில் புதிதாகப் பார்க்கிற மாட்டின் குறை தெரியாது. அண்டர்ரேட்டட் என்ற சொல்லுக்கு உள்ளபடியே நேர் நிற்கும் தமிழ் வழக்கு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பார்த்தவர் உண்டு, விலை சொன்னவர் உண்டு, சொன்ன விலை தப்பு. மூன்றும் இந்த ஒரு பழமொழிக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுகொள்ளலாம். குடத்திலிட்ட விளக்கு: யாரும் பார்க்கவே இல்லை. உள்ளூர் மாடு: பார்த்தார்கள், குறைத்துச் சொன்னார்கள். முன்னதற்கு வேண்டியது அறிமுகம். பின்னதற்கு எத்தனை முறை அறிமுகம் செய்தாலும் பயன் இல்லை, அளவுகோலைத்தான் மாற்ற வேண்டும்.

அலையை ஆற்றிய காடு

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதை யாரும் மட்டமாகச் சொல்வதில்லை, அது யாருக்கும் தெரியாமலும் இல்லை. தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது, அதனாலேயே நம் கவனத்தில் படுவதில்லை.

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். சுரபுன்னை மரங்கள் சேற்றில் வேரைத் தூண் தூணாக ஊன்றி நிற்கும். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது கடலூர் மாவட்டக் கரை பெரும் இழப்பைச் சந்தித்தது. அடுத்த ஆண்டு ‘சயன்ஸ்’ ஆய்விதழில் இந்த மாவட்டக் கரையை வைத்தே ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அலையாத்திக் காட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று அது சொன்னது. ஊர் எவ்வளவு மேட்டில் இருந்தது, கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று வேறு ஆய்வாளர்கள் பிறகு வாதிட்டார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குறைத்து மதிப்பிட்டதைச் சரிசெய்யப் போய்க் கூட்டி மதிப்பிட்டுவிடக் கூடாது.

ஆனால் அந்த நாளுக்கு முன்பு எத்தனை பேர் அந்தக் காட்டைக் காவல் என்று நினைத்தோம்? வேலி தன் வேலையைச் செய்யும்போது அங்கே ஒன்றும் நடப்பதில்லை. ஒன்றும் நடக்காததை யாரும் பார்ப்பதில்லை. சாக்கடை அடைக்காத நாளில் அதைச் சுத்தம் செய்தவர் நினைவுக்கு வருவாரா? மின்சாரம் இருக்கும்போது நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு முறை பார்ப்பவரை நினைக்கிறோமா? நின்றுபோனால்தான் தெரியும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்லி வைத்தவர்கள் இந்த வகையைத்தான் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காட்டின் பெயர். அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது, அதனால் அலையாத்தி என்பார்கள். ஆய்விதழ் எழுதுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, கரையில் வாழ்ந்தவர்கள் அந்த மரம் செய்யும் வேலையைப் பெயராகவே வைத்திருக்கிறார்கள். அவர்கள் குறைத்து மதிப்பிடவில்லை. பெயரை வாய் சொல்லிக்கொண்டே இருக்க, பொருளை மறந்துபோனது நாம்.

பாடல் பெற்றவை, பெறாதவை

ஆங்கிலத்தில் ‘அன்சங்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. ‘அன்சங் ஹீரோ’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதையும் அண்டர்ரேட்டடையும் இடம் மாற்றிப் போடுகிறார்கள். நேர்ப்பொருள் ‘பாடப்படாத’ என்பது. இதை விளக்க நான் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பாடப்படுவதும் பாடப்படாததும் தமிழர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான விஷயம்.

தலையாலங்கானத்துப் போருக்கு முன் பாண்டியன் நெடுஞ்செழியன் ஒரு வஞ்சினம் சொல்கிறான். பகைவரை வெல்லாவிட்டால், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். உயிர் போவதைவிடப் பாடல் இல்லாமல் போவது அவனுக்குப் பெரிய தண்டனை.

கடலூரிலேயே திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. கல்லைக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறி வந்து வணங்கிய தலம் என்பது ஐதிகம். அவர் கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பம் என்ற ஊரையும் காட்டுவார்கள். தேவாரப் பதிகம் கிடைத்ததால் திருப்பாதிரிப்புலியூர் ‘பாடல் பெற்ற தலம்’. தனிப் பதிகம் இல்லாமல், வேறு தலத்தின் பதிகத்தில் பெயர் மட்டும் வந்துபோகும் ஊர்களுக்கு ‘வைப்புத் தலம்’ என்று பெயர். இரண்டிலும் இல்லாத கோயில்கள் எண்ணிக்கையில் அடங்காதவை. பாடல் பெறாததால் அங்கே இருக்கும் கடவுள் குறைந்தவர் என்று எந்தப் பக்தரும் சொல்ல மாட்டார். மதிப்பில் குறை இல்லை, மதிப்பீட்டிலும் குறை இல்லை. பாட்டு இல்லை. அன்சங் என்பது இதுதான். எவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ‘கொஞ்சமாகப் பாடப்பட்டது’ என்பதற்குக்கூட நம்மிடம் தனிப் பெயர் இருக்கிறது.

மனிதர்களுக்கு வந்தால் இது வலிக்கிற விஷயம். காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரி சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டியது. அவனுடைய பட்டப்பெயர் வீரநாராயணன், அதுவே ஏரிக்குப் பெயர். 2004 முதல் இந்த ஏரியின் நீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிச் சென்னையில் குடிநீராகிறது. அரசன் பெயர் ஆயிரம் ஆண்டாக ஊரார் வாயில் இருக்கிறது. கூடை கூடையாக மண் சுமந்து அந்தக் கரையைப் போட்டவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுடைய வேலையை யாரும் மட்டமாகச் சொல்லவில்லை. ஏரி நல்ல ஏரி என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். பெயர்தான் இல்லை. இவர்களை அண்டர்ரேட்டட் என்று சொன்னால் அது தவறான சொல் மட்டுமன்றி, அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனின் தன்மையையே மாற்றிவிடுகிறது. ‘இனிமேல் நன்றாக மதிப்பிடுவோம்’ என்று சொல்லி இந்தக் கடனைத் தீர்க்க முடியாது.

சுஃப்ரேனுக்குப் புதுச்சேரியில் ஒரு வீதி உண்டு. அவருடைய 15 கப்பலிலும் ஹியூஸின் 18 கப்பலிலும் இருந்த மாலுமிகளும் இந்த வகையினர்தான்.

எல்லோரும் சொன்னால் என்ன ஆகும்?

ஒரு பாட்டை லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருப்பார்கள். கீழே ஆயிரம் பேர் ‘அண்டர்ரேட்டட்’ என்று எழுதியிருப்பார்கள், எல்லோரும் பாராட்டித்தான் எழுதியிருப்பார்கள். அப்புறம் குறைத்து மதிப்பிட்டது யார்? அங்கே அந்தச் சொல்லுக்கு ‘எனக்குப் பிடித்திருக்கிறது, இன்னும் நாலு பேர் கேட்கணும்’ என்பதுதான் பொருள். அது நல்ல ஆசை. ஆனால் அது மதிப்பீட்டைப் பற்றிய செய்தி இல்லை. ‘இன்னும் நாலு பேர் கேட்கணும்’ என்றே எழுதிவிடலாம், அதுவே நன்றாகத்தான் இருக்கிறது.

மறுபடியும் கடலூர்

அடுத்த வாரம் அக்கா மகன் வந்தபோது இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டான். “அப்போ நம்ம ஊரு என்ன மாமா? அண்டர்ரேட்டட்தானே?” என்றான்.

ஊர் முழுவதற்கும் ஒரே பதில் இல்லை என்றேன். சில்வர் பீச்சை எடுத்துக்கொண்டால், சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், விடுமுறை நாளில் கூட்டம் நிறைகிறது, நல்ல கடற்கரை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே இடைவெளி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. துறைமுகத்து மத்தி உள்ளூர் மாடு. புதுச்சேரி இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருப்பதால், அதே கோலால் அளந்து, பிரெஞ்சுக் கட்டடம் இல்லை, வண்ணச் சுவர் இல்லை என்று கடலூரையே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் நீ சொன்ன சொல் சரி.

“வேற?”

வண்டியை எடுக்கச் சொன்னேன். அவன் சின்ன வயதிலிருந்து நூறு தடவை போய் வந்த குண்டு சாலைக்குப் போனோம். இந்தப் பெயர் ஏன் வந்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. 1690 இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதற்குள் வரும் ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. அப்படி விழுந்த எல்லையின் நினைவுதான் குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர். 1746 இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். சில ஆண்டுகள் அப்படியே இருந்தது.

“இதை யாரும் மட்டமா சொல்லல மாமா. எங்களுக்குத் தெரியவே தெரியாது” என்றான்.

“அப்போ இது எது?”

“குடத்திலிட்ட விளக்கு.”

கொஞ்ச தூரம் போன பிறகு அவனே வண்டியை ஓரமாக நிறுத்தினான். கடல் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தான். “குண்டு எந்த எடத்துல விழுந்திருக்கும் மாமா?” என்று கேட்டான். இறங்கி இருவருமாகக் கோட்டை இருந்த திக்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.